கை கழுவச் சொன்ன கணக்கு

ஓர் உண்மை கண்டறியப்படுவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே கழியும் காலத்துக்கு ஒரு விலை உண்டு. தொழில்துறையில் அந்த விலையைப் பணத்தில் கணக்கிடலாம். மகப்பேறு மருத்துவத்தில் அதைத் தாய்மார்களின் உயிரில்தான் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைத் தன் வாழ்நாள் முழுவதும் போட்டுக் காட்டி, அதை ஏற்க மறுத்தவர்களோடு போராடி, மனம் சிதைந்து மறைந்தவர் ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

பொருளாதாரம் கற்பித்த என் போன்றவருக்கு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். புள்ளிவிவரம் வேறு, சான்று வேறு என்பதை முதுகலை மாணவர்களுக்கு விளக்க வேண்டி வந்தபோதெல்லாம், விலைவாசி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, செம்மல்வைஸ் தொகுத்த வியன்னா மருத்துவமனையின் அட்டவணையையே நான் கரும்பலகையில் எழுதினேன். எண்களைச் சரியாக ஒப்பிடத் தெரிந்தால் நுண்ணோக்கி இல்லாமலேகூட ஒரு நோயின் காரணத்தை நெருங்கிவிட முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

செம்மல்வைஸ் 1818 ஜூலை 1-ஆம் நாள், இன்றைய புடாபெஸ்ட் நகரின் ஒரு பகுதியான டாபான் என்னும் இடத்தில், மளிகை வணிகர் ஒருவரின் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். 1837-இல் சட்டம் படிப்பதற்காக வியன்னா சென்றவர், அடுத்த ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறினார். 1844-இல் பட்டம் பெற்றார். உடற்கூற்று ஆய்வில் ரோகிடான்ஸ்கி, உடல் பரிசோதனையில் ஸ்கோடா, தோல் மருத்துவத்தில் ஹெப்ரா ஆகிய பெரும் ஆசிரியர்கள் அப்போது அங்கே கற்பித்துக் கொண்டிருந்தனர். சடலங்களை அறுத்துப் பார்த்து நோயின் சுவடுகளை அறிவதே அந்நாளைய வியன்னா மருத்துவத்தின் பெருமை. அந்தப் பெருமையே பிரசவ அறையில் எமனாக நின்றது என்பதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

1846 ஜூலையில் அவர் வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் மகப்பேறு பிரிவில், பேராசிரியர் யோஹான் கிளைனின் உதவியாளராகப் பொறுப்பேற்றார். அந்த மருத்துவமனையில் இரண்டு மகப்பேறு பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெறும் பெண்களும் பிரசவம் பார்த்தனர். ஏழைப் பெண்களுக்கு அங்கே இலவசமாகப் பிரசவம் பார்க்கப்பட்டது. அதற்கு ஈடாக, அவர்கள் பயிற்சியாளர்களின் பாடப் பொருளாகத் தங்கள் உடலைத் தர வேண்டும். எந்தப் பிரிவில் சேர்வது என்பது பெண்ணின் கையில் இல்லை. ஒரு நாள் வருபவர்கள் முதலாம் பிரிவுக்கும், அடுத்த நாள் வருபவர்கள் இரண்டாம் பிரிவுக்கும் அனுப்பப்பட்டனர்.

இந்த முறையைத்தான் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சுட்டிக் காட்டுவது வழக்கம். வசதி படைத்தவர் ஒரு பிரிவுக்கும் வறியவர் மற்றொரு பிரிவுக்கும் சென்றிருந்தால், அல்லது நோய் முற்றியவர்களை மட்டும் ஓரிடத்துக்கு அனுப்பியிருந்தால், இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. இங்கோ வந்த நாள் மட்டுமே பிரிவைத் தீர்மானித்தது. ஒரே ஊர், ஒரே வறுமை, ஒரே மருத்துவமனை. சோதனை செய்ய வேண்டும் என்று எவரும் எண்ணாமலேயே ஒரு சோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது.

அதன் முடிவு நடுங்க வைப்பது. 1841 முதல் 1846 வரையிலான ஆறு ஆண்டுகளில் முதலாம் பிரிவில் 20,042 பிரசவங்கள் நடந்தன. 1,989 தாய்மார்கள் மாண்டனர். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்கள், 691 மரணங்கள். அதாவது, ஓரிடத்தில் பத்துப் பேரில் ஒருவர். மற்றோரிடத்தில் நூறு பேரில் நான்கு பேருக்கும் குறைவு. 1846-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக் கொண்டால், முதலாம் பிரிவில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754-இல் 105 பேர். இரண்டாம் பிரிவின் விகிதமே முதலாம் பிரிவிலும் இருந்திருந்தால், அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 350 பெண்கள் வீடு திரும்பியிருப்பார்கள். நோயுற்ற தாய்மார்கள் சிலர் பொது நோயாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டு, அங்கே இறந்தபோது அந்தக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டனர் என்பதால் உண்மையான இழப்பு இன்னும் கூடுதல்.

அவர்களைக் கொன்றது பிரசவக் காய்ச்சல். பிள்ளை பெற்ற சில நாள்களில் காய்ச்சலும் வயிற்று வலியுமாகத் தொடங்கி, விரைவில் உயிரைப் பறிக்கும் நோய் அது. காற்றில் பரவும் நச்சு ஆவி, பருவநிலை, பெண்களின் அச்சம் எனப் பல காரணங்களை அக்கால மருத்துவர்கள் கூறினர். ஆனால், நகரத்துப் பெண்கள் இதையெல்லாம் நம்பவில்லை. முதலாம் பிரிவின் நாளில் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவர்கள் மண்டியிட்டுக் கெஞ்சினர். தங்களை வெளியே விட்டுவிடுமாறு கதறினர். வழியிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டு பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களும் உண்டு. தெருவில் பிள்ளை பெற்ற அந்தப் பெண்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே கண்டது. மருத்துவர்கள் காணாத புள்ளிவிவரம் அந்த ஏழைப் பெண்களின் வாய்வழிச் செய்தியில் இருந்தது. பெண்களின் அச்சமே நோய்க்குக் காரணம் என்றனர் சில மருத்துவர்கள். நோயின் விகிதமே அச்சத்துக்குக் காரணம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

செம்மல்வைஸ் செய்தது, கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து இரு பிரிவுகளிலும் பொருத்திப் பார்த்ததுதான். காற்று நச்சு என்றால், ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டாம் பிரிவை அது ஏன் விட்டுவைத்தது? நெரிசல் என்றால், பெண்கள் தேடிச் சென்ற இரண்டாம் பிரிவில் அல்லவா நெரிசல் அதிகம்? இறுதிச் சடங்குக்கு வரும் பாதிரியாரின் மணியோசை அச்சமூட்டுகிறது என்றனர். அவரை மணி அடிக்காமல் வேறு வழியில் வரச் செய்தார். பயன் இல்லை. பிரசவத்தின்போது பெண்ணைப் படுக்க வைக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். அதிலும் பயன் இல்லை. அயல்நாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள் என்று விசாரணைக் குழு ஒன்று கூறியதால், மாணவர் எண்ணிக்கை பாதியாகக் குறைக்கப்பட்டது. மரணம் சிறிது காலம் குறைந்து மீண்டும் ஏறியது.

விடை 1847 மார்ச் மாதத்தில் ஒரு நண்பரின் மரணத்தில் கிடைத்தது. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாகோப் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தக் காயம் சீழ் பிடித்து இறந்தார். வெனிஸ் பயணத்திலிருந்து திரும்பிய செம்மல்வைஸ் நண்பரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்பைப் படித்தார். உள்ளுறுப்புகளில் கண்ட மாற்றங்கள் அத்தனையும் பிரசவக் காய்ச்சலில் மாண்ட பெண்களின் உடலில் அவர் நாள்தோறும் கண்டவை. ஆணொருவருக்கும் வரும் நோய் அது என்றால், கருப்பையோ மகப்பேறோ அதன் காரணமாக இருக்க முடியாது. சடலத்தின் துகள் கத்தியின் வழியே கொலெட்ச்காவின் உடலில் நுழைந்தது. தாய்மார்களின் உடலில் எப்படி நுழைகிறது? சவ அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவர்களின் கைகள் வழியாக. மருத்துவச்சிகள் சடலங்களைத் தொடுவதில்லை. இரு பிரிவுகளின் வேறுபாடு அங்கேதான் இருந்தது.

பழைய பதிவேடுகளும் இதையே கூறின. கிளைனுக்கு முன் அந்தப் பிரிவை நடத்திய போயர், சடலங்களைக் கொண்டு மகப்பேறு கற்பிக்க மறுத்தவர். அவர் காலத்தில் மரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. 1823-இல் கிளைன் பொறுப்பேற்றுச் சடலப் பயிற்சியைப் புகுத்திய பிறகே அது பன்மடங்கு உயர்ந்தது. 1840-க்கு முன்பு மாணவர்களும் மருத்துவச்சிகளும் இரு பிரிவுகளிலும் கலந்தே பயின்றனர்; அப்போது இரண்டு பிரிவுகளின் மரண விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. இருவரையும் தனித்தனியே பிரித்த பிறகுதான் இடைவெளி தோன்றியது. இன்றைய பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு கொள்கையின் விளைவை அளப்பதற்கு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரு குழுக்களை ஒப்பிடும் முறையைக் கையாள்கிறார்கள். அந்த வாதத்தை அதற்குப் பெயர் வைக்கப்படும் முன்பே செம்மல்வைஸ் எழுதிவைத்தார்.

1847 மே மாதத்தின் நடுவில், பிரசவ அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று ஆணையிட்டார். செலவு கருதிப் பின்னர் மலிவான சலவைச் சுண்ணாம்புக் கரைசலுக்கு மாறினார். இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, அதுதான். அவ்வாண்டு ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடாகச் சரிந்தது. 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் முதலாம் பிரிவின் 3,556 பிரசவங்களில் இறந்தவர்கள் 45 பேர். இரண்டாம் பிரிவில் 3,219-இல் 43 பேர். பெண்கள் நடுங்கிய பிரிவுக்கும் தேடிச் சென்ற பிரிவுக்கும் வேறுபாடே இல்லாமல் போயிற்று. அவ்வாண்டின் மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் முதலாம் பிரிவில் ஒரு தாய்கூட இந்த நோயால் இறக்கவில்லை.

இடையில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோய் கண்ட பெண் ஒருவரை முதலில் பரிசோதித்துவிட்டு, அதே கைகளோடு அடுத்தடுத்த பெண்களைப் பரிசோதித்தனர். உடனிருந்த பன்னிரண்டு தாய்மார்களில் பதினொருவர் மாண்டனர். செம்மல்வைஸ் தன் கொள்கையைக் காப்பாற்ற முயலவில்லை, அதைத் திருத்தினார். சடலம் மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரின் அழுகிய புண்ணும் நோயைக் கடத்தும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் இடையே கை கழுவ வேண்டும் என விதியை விரிவாக்கினார். எதிர்மறைச் சான்று வந்தபோது கோட்பாட்டை மாற்றிக்கொள்ளும் இந்த நேர்மையே அறிவியலின் உயிர்நாடி.

இத்தனை தெளிவான சான்று ஏன் ஏற்கப்படவில்லை? பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நான் முதலில் செலவைத்தான் பார்ப்பேன். ஒரு தொட்டி, சிறிது சுண்ணாம்பு, சில நிமிட நேரம், இவ்வளவே செலவு. பயனோ நூற்றுக்கணக்கான உயிர்கள். ஆனால், கணக்கேட்டில் எழுதப்படாத மற்றொரு செலவு இருந்தது. கை கழுவ ஒப்புக்கொண்டால், இதுவரை இறந்த பெண்களைக் கொன்றது தங்கள் கைகளே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் கீல் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த மிஹாயெலிஸ் அந்த உண்மையை ஏற்றார்; தன் கையால் பிரசவம் பார்க்கப்பட்ட உறவுக்காரப் பெண்ணின் மரணம் அவரை வாட்டியது; 1848-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஏனைய பலர் உண்மையை மறுப்பதன் மூலம் மன அமைதியைக் காத்துக்கொண்டனர்.

செம்மல்வைஸும் தன் தரப்பைச் சரியாக எடுத்துரைக்கவில்லை. அவருடைய முடிவுகளை முதலில் அச்சில் அறிவித்தவர் நண்பர் ஹெப்ரா. அவரே மேடையேறிப் பேசியது 1850 மே மாதத்தில்தான். இதற்குள் 1848-இன் புரட்சி வியன்னாவைக் கலக்கியிருந்தது. 1849 மார்ச்சில் கிளைன் அவருடைய பணியை நீட்டிக்க மறுத்தார். மறு ஆண்டு, பொம்மையை வைத்து மட்டுமே கற்பிக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு விரிவுரையாளர் பதவி வழங்கப்பட்டது. சில நாள்களிலேயே, நண்பர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல், அவர் வியன்னாவை விட்டு வெளியேறினார்.

தாய்மண்ணான பெஸ்ட் நகரில், 1851-இல் புனித ரோகுஸ் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை ஊதியமின்றி ஏற்றார். 1855 வரை அங்கு நடந்த 933 பிரசவங்களில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் எட்டுப் பேர். பின்னர் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1857-இல் மணம் புரிந்துகொண்டார். கண்டுபிடிப்புக்குப் பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1861-இல்தான் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அட்டவணைகள் நிறைந்த அந்நூலில் எதிர்ப்பாளர்களுக்கான மறுப்புரைகளும் நீண்டு கிடந்தன. நூலை ஐரோப்பாவின் பேராசிரியர்கள் புறக்கணித்தபோது, அவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால், குற்றம் சாட்டப்பட்டவர்கள் எவரும் அதனால் கை கழுவத் தொடங்கிவிடவில்லை.

1865-இல் அவருடைய மனநிலை மோசமடைந்தது. ஜூலை இறுதியில், புதிய மருத்துவ நிலையம் ஒன்றைக் காட்டுவதாகக் கூறி, நண்பர் ஹெப்ராவே அவரை வியன்னாவின் மனநலக் காப்பகம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 13-ஆம் நாள், தன் 47-ஆவது வயதில் அவர் இறந்தார். காப்பகத்தில் அவர் கடுமையாகத் தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். உடலைக் கொன்றது சீழ் கலந்த இரத்தம். எந்த நோயைத் தாய்மார்களிடமிருந்து விரட்டப் போராடினாரோ, அதன் உடன்பிறப்பு. அதற்கு முந்தைய நாள்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஜோசப் லிஸ்டர் ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலக் கட்டுப் போட்டு, கிருமிநீக்க அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். 1879-இல் பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை லூயி பாஸ்டர் பாரிஸ் மருத்துவர்களின் அவையில் வரைந்து காட்டினார். செம்மல்வைஸ் கணக்கில் கண்டதை உலகம் கண்ணால் கண்ட பிறகுதான் நம்பியது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. சான்றுகளைப் பயன்படுத்துவதில் மிகவும் பின்தங்கிய துறை மகப்பேறு மருத்துவமே என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரன் குற்றம் சாட்டியது 1979-இல். குறைமாதத்தில் பிரசவிக்க நேரும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் குழந்தையின் நுரையீரல் வலுப்பெறும் என்பதை 1972-லேயே நியூசிலாந்து ஆய்வு காட்டியது. அது உலக அளவில் பரவலான நடைமுறையானது 1990-களில். மறுபுறம், பிரசவத்துக்கு முன் மழித்தல், இனிமா கொடுத்தல், எல்லாப் பெண்களுக்கும் பிறப்புவாயை அகலப்படுத்தக் கீறல் போடுதல் ஆகியவை எந்தச் சான்றும் இன்றிப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்தன. இவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும், பிரசவத்தின்போது தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. பரிந்துரை வந்துவிட்டதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை என்பதைச் செம்மல்வைஸின் வாழ்க்கை நமக்கு முன்பே சொல்லிவிட்டது.

எனவே, மருத்துவர்களுக்குச் சான்றுகளை எடுத்துச் சொல்வது மட்டும் போதாது. கருவுற்ற பெண்களுக்கும் அவை சென்றுசேர வேண்டும். பேறுகாலப் பயிற்சி என்ற பெயரில் மூச்சுப் பயிற்சியும் உணவுப் பட்டியலும் தருவதோடு நின்றுவிடாமல், எந்தச் சிகிச்சை எதற்காகச் செய்யப்படுகிறது, அதன் பயன் நிறுவப்பட்டுள்ளதா, மாற்று வழி உண்டா என்று கேட்கும் அறிவையும் துணிவையும் அது தர வேண்டும். அறுவைப் பிரசவங்கள் எத்தனை, தொற்றுக்கு ஆளானவர்கள் எத்தனை என்ற கணக்கை ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையும் வாயிலில் எழுதி வைக்கும் நாள் வர வேண்டும். எண்கள் மறைக்கப்படும் இடத்தில் சிறந்த மருத்துவருக்கும் கவனக்குறைவானவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அதனால் முதலில் இழப்பவர் சிறந்த மருத்துவரே.

வியன்னாவின் முதலாம் பிரிவு வாயிலில் மண்டியிட்ட பெண்களிடம் அட்டவணை இல்லை. ஆனால், அட்டவணை சொன்ன உண்மை இருந்தது. அவர்கள் சொன்னதை ஒரு சான்றாக மதித்து எவரேனும் கேட்டிருந்தால், செம்மல்வைஸ் என்ற மனிதர் தேவைப்படாமலேயே போயிருக்கலாம். பிரசவ அறையில் ஒரு பெண் கேள்வி எழுப்பும்போது, அதை இடையூறாக எண்ணாமல் விடை தேடத் தொடங்குவதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.